தமிழ் சொன்ன ஐயா

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியில் அவர் காவலாளியாக இருந்தார். மெலிந்த, மலையகத்து மனிதர். முன்னாலுள்ள பெருந்தெருவில் பொலிஸ் ஜீப் போனால் எழுந்து நின்று, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார்.

ஒருநாள் நிர்வாகம் ஊழியர் எல்லோரிடமும், குற்றப் பதிவு ஏதும் இல்லை என்று பொலிஸ் ரிப்போர்ட் கேட்டது. அவர் என்னிடம் வந்தார்.

“சார், முந்தி ஒரு திருட்டுக் கேஸு. கோட்டுல குத்தத்த ஒத்துக்கிட்டேன். அது இன்னும் இருக்குமா?”

“உண்மையா எடுத்தனீங்களோ?”

“சத்தியமா இல்லீங்க. ஒத்துக்கிட்டா ஒத்திவச்ச தண்டனதான், இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்னு அங்க சிங்களத்துக்குத் தமிழ் சொல்ற ஐயா சொன்னாரு. நல்ல மனுசன். அத அழிக்க ஏலுமா சார்?”

“லேசில்லை,” என்றேன்.

நான் இருபது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். வழக்கு இழுபடாமல் முடியட்டும் என்று எத்தனையோ பேரின் காதில் அதையேதான் சொன்னேன். அந்தப் பதிவு பிறகும் கூடவே வரும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதன்பின் நான் அவரைக் காணவேயில்லை. எந்த நீதிமன்றம் என்று அன்று நான் கேட்கவில்லை. நான் இருந்த நீதிமன்றத்தையே அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.