டிக்கியில் வைத்த மெழுகு வில்லை

என் ஐந்து வயது மகளுக்குச் சிறுநீரகத்தில் அபூர்வமான கட்டி. அதில் எடுத்த சதைத்துணுக்கை ஆஸ்பத்திரியில் மெழுகு வில்லையில் பதித்து, டப்பாவில் போட்டுக் கொடுத்து, வேறொரு லேபுக்கு மரபணுச் சோதனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மே மாத வெயிலில் கிளம்பிய நானும் கணவரும், வழியில் பாலாநகர் கோயிலில் ஸ்கூட்டரை நிறுத்தினோம்.

“உடம்புலேருந்து எடுத்தது, தீட்டு. உள்ள நக்கோ, கொண்டுவர வேணாம்” என்றார் கணவர். டப்பாவை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். அர்ச்சனை முடிய ஒரு மணி நேரமானது.

லேபில் டப்பாவைத் திறந்த பெண், மெழுகு இளகிவிட்டது, நல்லவேளை, துணுக்கு தப்பித்தது என்று தெலுங்கில் சொன்னார். எனக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. மகளை வெயிலில் பூட்டிவிட்டு அவள் பெயருக்கே அர்ச்சனை செய்திருக்கிறேன்.

இப்போது எந்தச் சாம்பிளானாலும் மடியில்தான் வைத்துக்கொள்கிறேன். நான் கோயிலுக்குள் போனால், அதுவும் என்னோடு வரும்.

– ஒரு வாசகி, மௌலா அலி