தொப்பூர் இறக்கத்தில் என் பின்னால் வந்த லாரி

இன்றைக்கு இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ரைடு. விடிகாலையில் தருமபுரியிலிருந்து தனியாகக் கிளம்பினேன்.

தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. முதல் வளைவிலேயே முன் பிரேக் கேபிள் அறுந்துவிட்டது. பின் பிரேக்கை அழுத்தினால் ஈர ரோட்டில் டயர் வழுக்குகிறது. இறங்கி நடக்கலாம் என்றால் ஓரத்தில் நிற்க இடமில்லை.

அப்போது ஒரு லோடு லாரி என் பின்னாலேயே வர ஆரம்பித்தது. முந்தவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இன்ஜின் சத்தம் முதுகிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயின.

அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். லாரியும் மெதுவாக உருண்டு வந்து நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"ரொம்ப நன்றிங்கண்ணா. எனக்குப் பாதுகாப்பா பின்னாடியே வந்தீங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படி இல்லீங்கம்மா. மேலேயே எனக்கு பிரேக் சரியா பிடிக்கல. செகண்ட் கியர்ல உருட்டிட்டு வந்தேன். நீங்க எப்ப ஒதுங்குவீங்கன்னுதான் சாமியக் கும்பிட்டுட்டே வந்தேன்."

அவருக்கும் சேர்த்து டீ சொன்னேன். பையிலிருந்த ஸ்பேர் கேபிளை மாட்டிக்கொண்டு மீதி தூரத்தை முடித்துவிட்டேன். அவர் மெக்கானிக்குக்காக அங்கேயே காத்திருந்தார்.

'நல்ல மனுஷர் ஒருத்தர் காவலாக வந்தார்' என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் கமெண்டில் என் வீட்டுக்காரரை டேக் பண்ணிவிடாதீர்கள்.