மாமாவின் தோளில் இருந்த கை

ஒரு நாள் காலைப் பொழுது மட்டும் எனக்கு மூன்று கைகள் இருந்தன. இரண்டைக் கூப்பி வணக்கம் வைத்துக்கொண்டு, மூன்றாவதை மாமாவின் தோளில் போட்டபடி, அழகர்கோவில் மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு நின்று சிரித்தேன். என் காதுகுத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் அது. வந்திருந்த சொந்தபந்தத்தில் ஒருவர்கூடக் கைகளை எண்ணிப் பார்க்கவில்லை. மாமா மட்டும் பார்த்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. ராணுவத்தில் பாராசூட் படை. விமானத்திலிருந்து குதிப்பது அவருக்குத் தொழில். எனக்கோ வீட்டு மாடிப்படியில் கடைசி இரண்டு படிகளைத் தாண்டிக் குதிக்கவே சாமி துணை வேண்டும். வடக்கே மலையில் நடந்த போரில், அடிபட்டுக் கிடந்த ஒருவரை எடுத்துவர, சுட்டுக்கொண்டிருந்த எதிரிகளுக்கு நேரே மறுபடி ஏறிப்போனவர் அவர். தொடையில் ஒரு குண்டை வாங்கிக்கொண்டு, அந்த ஆளைத் தோளில் போட்டுக் கீழே கொண்டுவந்தார். அதற்குத்தான் பதக்கம். திருப்பரங்குன்றத்தில் என் வகுப்பில் இந்தக் கதையை நான் சொல்லாத வாரம் இல்லை. மாமா சுமந்தது யாரை என்று எவனும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. என் கதையில் அது ஒரு மூட்டை.

ஒன்பது வயதுவரை காது குத்தாமல் இழுத்தது மாமாவின் லீவுக்காகத்தான். எங்கள் பக்கம் தாய்மாமன் உயிரோடு இருக்க, வேறு மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தினால், அவரைச் செத்தவராகக் கணக்கு வைத்த மாதிரி.

விசேஷத்துக்கு முந்தின நாள் அப்பா என்னை ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மாமாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து நான் கேட்காமல் எடுத்துவந்த போட்டோ என் சட்டைப் பையில் இருந்தது. பனிமலைக்கு முன்னால் மெரூன் தொப்பியோடு இருவர். மற்றவர் மாமாவின் தோளில் கை போட்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பக்கத்துல நிக்கிறது யாரு தம்பி?” என்றார் கடைக்காரர்.

“யாரோ, அண்ணே. அவரு வேணாம். அந்த எடத்துல என்னைய வைங்க.”

“அவர அழிக்க நேரமாகுமேப்பா.”

மேசைமேல் கத்தரி கிடந்தது. என் சுறுசுறுப்பை அன்றைக்குப் பார்த்திருந்தால் எங்கள் கணக்கு வாத்தியார் கண்ணீர் விட்டிருப்பார். அந்த மனிதரை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். அவருடைய விரல்களை மட்டும், மாமாவின் தோளை வெட்டாமல் எடுக்க முடியவில்லை. போகட்டுமென்று விட்டேன். என் படத்தை ஒட்டியதும் அந்தக் கை எனக்கே எனக்கென்று ஆகிவிட்டது. போட்டோவில் மிச்சமிருந்த மாமா பாதியும் அந்தக் கடையிலேயே தொலைந்தது.

மறுநாள் மாமா மண்டப வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இதுல இருந்த ஆளு எங்கடா?”

“நான்தான் மாமா வெட்டுனேன்,” என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

“வெட்டி?”

“குப்பையில போட்டுட்டேன்.”

மாமா என்னை அடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் ஃப்ளெக்ஸைக் கீழே கொண்டுவந்தார். அத்தனை சனத்துக்கும் முன்னால் நான் முகம் குப்புற மண்ணில் விழுந்தேன், பத்தடி நீளத்துக்கு. சமையல்காரரிடம் கத்தி வாங்கி, படத்தைப் புரட்டி, தன் தோள் இருந்த இடத்தை மட்டும் ஒரு முழத்துக்கு அறுத்தெடுத்தார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“ஒனக்குப் பொறாமை. நான் ஒன் மடியில உக்கார மாட்டேன்,” என்று கத்தினேன். மொட்டைத் தலையோடு கத்தியதால் அதில் எதிர்பார்த்த கம்பீரம் வரவில்லை.

“மாமாவ அப்படிப் பேசாதடா,” என்று என்னிடமும், “தம்பி, நீ வந்து உக்காருய்யா,” என்று மாமாவிடமும் அம்மா கெஞ்சினாள். மாமா வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, “வாடா” என்றார். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நான் நேராகப் போய்ப் பெரியப்பாவின் மடியில் உட்கார்ந்தேன்.

மாமா எழுந்து, கொண்டுவந்திருந்த கடுக்கனைத் தட்டில் வைத்தார். இரண்டு காதும் குத்தி முடியும்வரை தூணருகே நின்றார். பந்தியில் உட்காராமல் போனார். லீவு மிச்சமிருந்தும் அன்றைக்கே ரயிலேறினார்.

அந்தப் படத்தில் சிரித்த மனிதர்தான் என் மூட்டை என்பதை அம்மா எனக்குச் சொல்லப் பல வருடங்கள் ஆயின. மலையடிவாரம் வந்து இறக்கிப் பார்த்தபோது அவருக்கு உயிர் இல்லையாம். அவர்கள் சேர்ந்து எடுத்த படம் அது ஒன்றுதானாம். அன்றைய கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. கத்தரி பிடித்த அந்த ஒன்பது வயசுப் பயல் கையில் கிடைத்தால் காதோடு சேர்த்து அறைவேன்.

ஆனால் அன்றைக்கு, திரும்பிவந்த வேனில், எரிகிற காதுகளைப் பிடித்துக்கொண்டு மாமாவைத்தான் திட்டினேன். என் முகத்தை மண்ணில் போட்டுவிட்டு, தன் தோளை மட்டும் பத்திரமாக அறுத்துக்கொண்டு போகிறாரே, அம்புட்டுக் கர்வமா இந்த மனுசனுக்கு என்று.