கண்ணை மூடிய சாட்சி

இரண்டு கிறிஸ்தவப் பள்ளிகள் மோதினால் கர்த்தர் எங்கள் பக்கம்தான் நிற்பார் என்று முட்டாள்தனமாக நம்பியிருந்தேன். எதிரணியும் ஜெபிப்பதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

த்ரோபால் இறுதி ஆட்டம். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை எங்களுக்கு. எதிரணி எறிந்த பந்து கோட்டுக்கு வெளியே விழ, நடுவர் புள்ளியை எங்களுக்கே கொடுத்தார். அணித்தலைவியான என் மகள் கையை உயர்த்தினாள்.

“சார், என் விரல்ல பட்டுதான் வெளிய போச்சு.”

ஓரத்திலிருந்து அலறினேன். “படல சார்! நான் பாத்தேன்!”

“டாடி, நீங்க கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தீங்க!”

மைதானமே சிரித்தது. புள்ளி அவர்களுக்குப் போனது, அப்புறம் கோப்பையும். எங்கள் வீடிருக்கும் ஈஜிபுரா வரும்வரை பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.