பெயர் வெட்டிய சட்டி

என் வீட்டுக்குள் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பெண்கள் இருந்தது அந்த ஒரு சனிக்கிழமை மட்டும்தான். கணவர் இறந்தபோதுகூடச் சனம் மண்டபத்துக்கு வந்து அப்படியே போய்விட்டது. எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. இந்த டேனிஷ்காரரின் நாட்டுக்கு வந்த பிறகு இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் நின்றேன். அங்கே இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் ஒருவரோடொருவர் கதைக்க முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

மகளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. ரண்டர்ஸ் என்ற ஊரில் இருக்கிற ஒருவரோடு ஆவணியில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. அவளோடு வேலை செய்கிற டேனிஷ் பெண்கள் இரண்டு பேர், கலியாணத்துக்கு முதல் பெண்ணை நடுவில் இருத்திப் பரிசு கொடுத்து விளையாடுகிற விருந்து ஒன்று வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். அதை எப்படி நடத்துவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அக்காதான் வழி சொன்னா.

"சட்டி விக்கிற பிள்ளையையும் அண்டைக்கே கூப்பிடு. வாற சனம் வாங்கினால் வீட்டுக்காரிக்கு ஒரு செட் இனாமாக் குடுப்பினம். அதை மகளுக்குக் குடுத்துவிடு. சட்டியில பேரும் வெட்டித் தருவினம்."

"அக்கா, எனக்கு அவ்வளவு பேருக்கு முன்னால…"

"நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். வடையைச் சுடு. கதைக்கிறதை நான் பாக்கிறன்."

இதற்குள் ஒரு விஷயம் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

மகளுக்கு அதற்கு முன்பு ஒரு கலியாணம் நடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முதல், லண்டனில், மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபத்தில். ஏழு மாதத்தில் ஒரு சூட்கேசோடு திரும்பி வந்தாள். அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. என்ன நடந்தது என்று அவள் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே கீழ்வீட்டு அக்காவுக்கு மட்டும் தெரியும். ரண்டர்ஸ் மாப்பிள்ளைக்கு மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர் பரவாயில்லை என்றாராம். ஆனால் அவருடைய தாய்க்குத் தெரியாது. பெரியவர்களுக்குப் பெரியவர்கள் சொன்னால்தான் எடுபடும், உங்கட அம்மாவே என்ர அம்மாவுக்குச் சொல்லட்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

மகள் என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் சொல்லுவீங்கள்தானே? மறைச்சு நான் அந்த வீட்டுக்குள்ள போகமாட்டன்."

"ஓம் பிள்ளை, சொல்லுவன்."

சொல்ல வேண்டியதைக் கடதாசியில் எழுதி வைத்தேன். மூன்று வரி. 'என்ர மகளுக்கு முதல் ஒரு கலியாணம் நடந்தது. ஏழு மாதத்தில் முடிந்தது. பிழை அவளில் இல்லை.' கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளையின் தாய்க்குப் போன் எடுப்பேன். அவ நல்ல மாதிரியான மனுசி. என்னைச் சம்பந்தி என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தா. அங்கே மழையோ என்று கேட்பா. இங்கேயும் மழை என்பேன். முழங்கால் நோவுக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்பா. அதையும் சொல்லுவேன். பிறகு போனை வைத்துவிடுவேன். கடதாசி மடிந்து மடிந்து நடுவில் கிழிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மகள் கேட்டாள், "சொல்லிட்டீங்களோ?" நான் தலையை ஆட்டினேன். அது ஓம் என்ற தலையாட்டலா, இல்லை என்றதா என்று எனக்கே தெரியாது. அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டாள். என்னைக் கட்டிப்பிடித்து, "டக், அம்மா" என்றாள். டேனிஷில் நன்றி. அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது?

விருந்துக்கு மாப்பிள்ளையின் தாயும் வருகிறா என்று கேள்விப்பட்டதும், அன்றைக்கு எப்படியாவது அவவை அறைக்குள் கூட்டிப்போய்ச் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் சொல்லலாம், போனில்தான் முடியவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அவ ரயிலில் வந்து இறங்கினா. மகள் போய்க் கூட்டி வந்தாள். மடித்த புதுச் சேலை ஒன்றும் ஒரு சீப்பு வாழைப்பழமும் என் கையில் தந்துவிட்டு, "உங்கட வீட்டைப் பாக்க வேணுமெண்டு கனநாளா ஆசை" என்றா. நான் சிரித்தேன். அறைக்குள் வாங்கோ என்று சொல்ல வாயெடுக்கும்போதே கதவு மணி அடித்தது. சட்டி விற்கிற பிள்ளை இரண்டு பெரிய பையோடு நின்றாள். அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற தூர ஊரில் இருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தவள். முப்பது வயது இருக்கும், எங்களை யாரையும் தெரியாத பிள்ளை. வந்ததும் வராததுமாக, "அன்ரி, பிளக் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

டேனிஷ் பெண்கள் மகளின் தலையில் கடதாசிப் பூ முடி ஒன்றை வைத்தார்கள். அவளுடைய கண்ணைக் கட்டி, சட்டிகளைத் தடவிப் பார்த்து எது எதற்கு என்று சொல்லச் சொன்னார்கள். மகள் இட்லிச் சட்டியைத் தடவி, "இது என்ர மாமியின்ர தலை" என்றாள். எல்லாருக்கும் முதல் மாப்பிள்ளையின் தாயே சிரித்தா. மகள் அப்படிச் சிரித்து நான் பன்னிரண்டு வருடம் பார்த்ததில்லை. குசினி வாசலில் வடைத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வேண்டாம், சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பிள்ளை மேசையில் மின்னடுப்பை வைத்து ஒரு சட்டியில் பால் ஊற்றினாள். நடுவில் ஓட்டை உள்ள மெத்தென்ற மூடி ஒன்றைக் காட்டினாள்.

"இந்த மூடியைப் போட்டால் பால் ஒருநாளும் பொங்கி வழியாது. அடுப்படியில நிண்டு காவல் காக்கத் தேவையில்லை."

"எனக்கு ரெண்டு எடு. ஒண்டு பாலுக்கு. மற்றது எங்கட மனுசன்ர வாய்க்கு" என்றா கீழ்வீட்டு அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். பால் கொதித்தது. மூடிக்குக் கீழே நுரை வந்து வந்து அடங்கியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அந்தப் பிள்ளை பெருமையோடு கையை விரித்துக் காட்டினாள். டேனிஷ் பெண்கள் கை தட்டினார்கள். எங்கள் சனம் தட்டவில்லை. மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பைத் தோளுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லச் சொன்னா.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. கலியாண வீட்டில பாலை அடுப்பில வைச்சிட்டுப் பொங்காமல் இறக்கிறது எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

"அன்ரி, அதுதானே இந்த மூடியின்ர விசேசம்."

"அது சரி. எண்டாலும் மனம் கேக்குதில்லை."

எனக்கும் மனம் கேட்கவில்லை. எல்லாரையும் விட எனக்குத்தான் அந்த நுரை அடங்கியது நெஞ்சில் குத்தியது. யாரிடமும் கேட்காமல் குசினிக்குள் போய், நான் அன்றாடம் புழங்குகிற சட்டியை எடுத்து வந்து, மிச்சப் பாலை அதில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். கூட்டத்துக்கு நடுவில் நானாகப் போய் ஒரு காரியம் செய்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

பால் பொங்கியது. வெள்ளையாக எழும்பி மாப்பிள்ளையின் தாய் இருந்த பக்கமாகவே வழிந்தது. அவ கையெடுத்துக் கும்பிட்டா. "பாத்தீங்களோ, என்ர பக்கம்தான் வழியுது!" என்றா. கீழ்வீட்டு அக்கா குலவை மாதிரி ஏதோ சத்தம் போட, டேனிஷ் பெண்கள் ஒன்றும் விளங்காமலே திரும்பவும் கை தட்டினார்கள். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை வழிந்த பாலைத் துணியால் துடைத்தாள். துடைத்தவள் சட்டியைப் பிடியோடு தூக்கித் திருப்பினாள்.

"அட, இதுவும் எங்கட கொம்பனிச் சட்டிதானே! எல்லாரும் இஞ்ச பாருங்கோ. எத்தினை வருசம் புழங்கின சட்டி, பேர் வெட்டினது கொஞ்சமும் அழியேல்லை. திகதியும் கிடக்கு. நான் வாசிச்சுக் காட்டுறன்."

வாசித்தாள். முதலில் என் மகளின் பெயர். பிறகு ஒரு பூ. பூவுக்குப் பிறகு லண்டன்காரனின் பெயர்.

அந்தக் கலியாணத்துக்கு என் கணவர் ஆசையாகச் சொல்லி வெட்டுவித்த பெயர்கள் அவை. மகள் திரும்பி வந்தபோது நகை, சேலை, படங்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. இந்தச் சட்டி மட்டும் அவள் கொண்டுபோகாமல் விட்டதால் இங்கே எங்களிடம் இருந்தது. எறியுங்கோ என்று மகள் இரண்டு தரம் சொன்னாள். நல்ல சட்டி, அடி பிடிக்காது, எறிய மனம் வரவில்லை. பெயர் உள்ள பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துச் சமைத்தேன். பிறகு திருப்பி வைக்கவும் மறந்தேன். தினமும் தேய்த்துக் கழுவுகிற கைக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை.

வாசித்து முடித்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு ஏதோ பிடிபட்டது. சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது ஆர்?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டா. என்னைத்தான் கேட்டா.

மூன்று வரியும் எனக்குப் பாடம். அடுப்பை அணைத்தேன். மகள் தலையில் இருந்த கடதாசிப் பூவைக் கழற்றினாள்.

"அம்மா, நீங்கள் சொல்லேல்லையோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் டேனிஷில் கதைத்தாள். என்னோடு கோபம் வந்தால் அவளுக்கு டேனிஷ்தான் வரும். வேகமாகச் சொன்னாள், எனக்குப் பாதிதான் விளங்கியது. அவளுடைய சிநேகிதிகளுக்கு முழுதும் விளங்கியது. அவர்கள் எழுந்து தங்கள் பைகளைத் தேடினார்கள்.

மாப்பிள்ளையின் தாய் சத்தம் போடவில்லை. ஏச்சு விழுந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றா. நேரமாகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மகள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் பிள்ளை, வழி தெரியும் என்று தனியாகப் படி இறங்கினா. வடை இரண்டு தட்டு அப்படியே கிடந்தது. எல்லாரும் போன பிறகு மகள் அந்தச் சட்டியைப் பாலோடு தூக்கிக்கொண்டு போய்க் கீழே குப்பைத் தொட்டியில் போட்டாள். மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். வழியெல்லாம் பால் சொட்டியிருந்தது.

மாப்பிள்ளை முதலில், கொஞ்ச நாள் பொறுப்பம், அம்மா ஆறட்டும் என்றாராம். மண்டபக்காரருக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொன்னார்கள். பிறகு அவருடைய போன் குறைந்தது. ஆடி முடிவதற்குள் நின்றுவிட்டது.

இடையில் சட்டிக் கொம்பனியில் இருந்து அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். விருந்தில் தொடக்கத்திலேயே சிலர் சட்டி வேண்டும் என்று சொல்லிவைத்ததால் எனக்கு உரிய இனாம் செட் வருகிறதாம்.

"அன்ரி, அண்டைக்கு நடந்ததுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குத் தெரியாது." பிறகு கேட்டாள், "பேர்… என்ன வெட்டுறது?"

"ஒண்டும் வெட்ட வேண்டாம் பிள்ளை" என்றேன்.

புரட்டாதியில் ஒருநாள் தனியாக ரயில் ஏறி ரண்டர்ஸுக்குப் போனேன். அவ்வளவு தூரம் நான் தனியாகப் போனதில்லை. விலாசக் கடதாசியை பஸ் சாரதியிடம் நீட்டிக் காட்டி இறங்கினேன். கதவைத் திறந்தவ என்னைக் கண்டு திகைத்துப் போனா. உள்ளுக்கு வாங்கோ என்றா. நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. கழற்றி உள்ளே போய் இருந்தால் மழையைப் பற்றிக் கதைத்துவிடுவேன் என்று பயம். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"என்ர மகளுக்கு முதல் ஒரு கலியாணம் நடந்தது. ஏழு மாதத்தில முடிஞ்சது. பிழை அவளில இல்லை."

அவ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஓம்."

"ஒவ்வொரு ஞாயிறும் கதைச்சம். ஒரு ஞாயிறு இதைச் சொல்லியிருந்தால், என்ர தங்கச்சிக்கும் இப்பிடித்தான் நடந்தது எண்டு நான் உங்களுக்குச் சொல்லியிருப்பன். என்ர மகன் சொல்லேல்லை. உங்கட மகள் சொல்லேல்லை. நீங்கள் சொல்லேல்லை. சபையில ஒரு சட்டி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டிக் கிடந்தது."

"மகளுக்கு நான் சொல்லிட்டன் எண்டுதான் நினைப்பு. பொய் என்ரதான்."

"அது இப்ப விளங்குது. ஆனால் மகன் வேற முடிவுக்குப் போயிட்டான். நான் இனி என்ன செய்ய?" என்றா. பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றா. குடித்தேன். அதற்குப் பிறகு என்னைச் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் எடுத்தேன். சொல்லிப்போட்டன் பிள்ளை, நேரில் போய்ச் சொல்லிப்போட்டன் என்றேன். அவள் டேனிஷில் இரண்டு சொல் சொன்னாள். அது எனக்கு விளங்கியது. பிந்திப்போச்சு என்பதுதான் அது.

மாதத்தில் ஒருதரம் வருகிறாள். மருந்துப் பெட்டியைப் பார்ப்பாள், கடிதங்களை வாசித்துச் சொல்லுவாள். சாப்பாடு வேண்டாம் என்பாள். பெயர் வெட்டாத புதுச் செட் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஒருதரம் அவள் தும்புத்தடியால் கூட்டும்போது அது தட்டுப்பட்டது. இது என்ன என்று கேட்டாள். சட்டி என்றேன். பெட்டியை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கூட்டினாள்.