பாச்சை உருண்டை வாசம்

எண்பதுகளில், மலேசியாவின் கோல சிலாங்கூரில், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் தம்பி பிறந்தான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவது எங்களில் வழக்கமில்லை. நான் போட்டுக் கழித்த சட்டைகளை அம்மா இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டார். சில நாளில் பிள்ளை மஞ்சளாகிவிட்டான். கண்பட்டுவிட்டது என்று லயமே மிளகாய் சுற்றியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் சட்டையை மோந்து பார்த்தார்.

"பாச்சை உருண்ட போட்டு வச்சிருந்தீங்களா?"

"ஆமா டாக்டர், பூச்சி அரிக்காம பத்திரமா வச்சிருந்தேன்," என்றார் அம்மா, பெருமையாக.

தம்பியின் ரத்தத்தில் பிறவிக் குறையாம். அந்த வாசமே அவனுக்கு விஷமாம். ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

எனக்கோ அதுதான் பெட்டி திறக்கும் தீபாவளியின் வாசம். இன்றும் எங்காவது வந்தால் நின்று ஒரு மூச்சு இழுப்பேன். தம்பி கூட இருந்தால், நாற்பது வயது ஆளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போவேன்.