பெட்பேனும் பதினோரு குடமும்

எங்கள் தொம்மலூரில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். போன கோடையில், எழுபத்திரண்டு வயதில், கடைசியான பதினோராவது குடத்தைக் குனிந்து தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அசையவே கூடாதுப்பா" என்று மகன் படுக்க வைத்தான். பத்தொன்பது நாள் படுத்தேன்; கழிவறைக்கு மட்டும் அவன் தூக்கிப் போனான். வலி குறையவில்லை, கால்கள்தான் துவண்டன. இருபதாம் நாள், அதையும் படுக்கையிலேயே முடிக்க, பெட்பேன் வாங்கி வந்தான்.

"அதுல நீயே உக்காருடா!" என்று கத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி கழிவறைக்குப் பதினான்கு அடி நடந்தே போனேன்.

பிறகு பரிசோதித்த டாக்டர், "எலும்பு நல்லாருக்கு. படுத்ததுதான் தப்பு, நடங்க சார்" என்றார்.

இப்போது தினமும் வெந்நீர் ஒத்தடம், இரண்டாயிரம் அடி நடை. முழங்காலை மடக்கி, அரைக்குடமாகத்தான் தூக்குகிறேன். பதினோரு நடை இருபத்திரண்டாகிவிட்டது. ஆனாலும் மகனைக் குடத்தைத் தொட விடுவதில்லை.